சோதியாத கருவியை நம்புவது எப்படி?

திருகோணமலையின் ஓர்ஸ் ஹில் மேட்டிலிருந்து நோக்குவோருக்கு உள் துறைமுகம் இன்று அமைதியாகத் தோன்றும். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் காலையில் அங்கே அமைதி இருக்கவில்லை. ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத் தளத்தையும் தாக்கின. ஆயினும், அவை ஏறக்குறைய 90 மைல் தொலைவில் வரும்போதே இங்கிருந்த ராடார் கருவி கண்டுகொண்டது. காவல் விமானங்கள் முன்கூட்டியே வானில் ஏறின.

நான்கு நாட்களுக்கு முன், ஏப்ரல் 5ஆம் நாள், கொழும்பில் நிகழ்ந்தது வேறு. பகைவரின் கப்பற்படை வருவதை ஏப்ரல் 4ஆம் நாளே ஒரு கற்றலினா விமானம் கண்டு அறிவித்திருந்தது. கொழும்பிலும் ராடார் இருந்தது. எனினும் அது உரிய எச்சரிக்கை தரவில்லை. இரத்மலானையில் விமானங்கள் தரையில் நிற்கையிலேயே தாக்குதல் தொடங்கியது. காரணம் யாதென்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் ஒருமனப்படவில்லை.

இரண்டும் அண்மையில் நிறுவப்பட்ட நிலையங்கள். இந்நாட்டு வெப்பத்திலும் உப்புக் காற்றிலும் அவை எத்தனை நாள் பழுதின்றி இயங்கும் என்பதை நெடுநாள் சோதித்தறிய அவகாசம் இருக்கவில்லை. அப்படியானால், அத்தகைய கருவியை எவ்வளவு நம்பலாம் என்பதை முன்னரே மதிப்பிட வழியுண்டா?

போருக்குப் பின் பொறியியலாளர் இக்கேள்வியை ஆராய்ந்தனர். 1952இல் அமெரிக்காவில் மின்னணுக் கருவிகளின் நம்பகம் பற்றி ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை 1957இல் வெளிவந்தது. 1960களின் தொடக்கத்தில் உறுப்புகளின் பழுது வீதங்களைக் கூறும் கைநூலை அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை வெளியிட்டது. முழுக் கருவியைச் சோதித்த விவரம் இல்லையெனில், அதன் உறுப்புகளைப் பற்றி முன்னரே அறிந்தவற்றைக் கூட்டிக் கணிப்பதே இம்முறை.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு கருவியில் 100 உறுப்புகள் உள்ளன; எந்த ஒன்று பழுதானாலும் கருவி நின்றுவிடும். ஒவ்வோர் உறுப்பும் ஒரு பணிக்காலத்தை 100க்கு 99 தடவை பழுதின்றிக் கடக்கும் என்க. உறுப்புகள் நல்லவையே. ஆனால் அவ்வெண்களைப் பெருக்கினால், முழுக் கருவி 100க்கு ஏறக்குறைய 37 தடவைதான் பழுதின்றிக் கடக்கும். வெப்பம், ஈரம், அதிர்வு ஆகியவற்றுக்கு ஏற்பவும் கணக்கைத் திருத்த வேண்டும்.

இக்கணக்கால் எந்த உறுப்பு நலிந்தது, எதற்கு மாற்று வைத்திருக்க வேண்டும், இரண்டு வடிவமைப்புகளில் எது மேல் என்பவற்றை அறியலாம். கருவி வாங்குமுன்னரே இவற்றை அறிவது பெரும் பயன். எனினும் பற்றாசு சரியாக ஊதப்பட்டதா, அப்போது கருவி இயங்கிக்கொண்டிருந்ததா, திரையைக் காண்பவர் விழிப்பாயிருந்தாரா, தொலைபேசி உரிய இடத்துக்குச் செய்தி சேர்த்ததா என்பன அந்தக் கணக்கில் வாரா. எச்சரிக்கை என்பதோ இவையெல்லாம் சேர்ந்த ஒரு சங்கிலி.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை திருகோணமலைக் கரையையும் தாக்கியது. அன்று இந்து சமுத்திரத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்பு எதுவுமில்லை. இப்போது ஆழ்கடலில் நீரழுத்தத்தை அளக்கும் உணர்கருவிகள் உள்ளன. அவற்றைச் சோதித்துப் பார்க்க நாம் பேரலை ஒன்றை வரவழைக்க முடியாது. உறுப்புகளைக் கொண்டு கணிப்பதே தொடக்கம். பழுதாகும் ஒவ்வொரு கருவியின் வரலாற்றையும் எழுதி அக்கணிப்பைத் திருத்திக்கொண்டே செல்வது அடுத்த கடமை. கடலோர மக்களுக்குச் செய்தி போய்ச் சேரும் வழியையும், ஒத்திகைகள் நடத்தி, அதே கண்டிப்போடு அளந்து பார்த்தல் வேண்டும். அந்தக் கடைசிக் கண்ணி அறுந்தால், கடலடியில் கருவி பழுதின்றி இயங்கியும் பயன் இல்லை.