உண்ணியும் காய்ச்சலும்

ஹைதராபாத்துக்குச் செல்லும் நேயர்கள் சார்மினாரையும் கோல்கொண்டாக் கோட்டையையும் காணாமல் திரும்புவதில்லை. ஆனால் பேகம்பேட்டையில், பழைய விமான நிலையத்துக்கு அருகே நிற்கும் சிறு கட்டடம் ஒன்றைக் காணச் செல்வோர் மிகச் சிலரே. உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அந்த இடம் ஸர் ரொனால்டு ராஸின் நினைவைத் தாங்கி நிற்கிறது. செகந்தராபாத்தில் இராணுவ வைத்தியராகப் பணிபுரிந்த ராஸ், 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 20ஆம் நாள், ஒரு கொசுவின் வயிற்றை அறுத்து நுண்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். ஹுசேன் கான் என்ற மலேரியா நோயாளியின் இரத்தத்தைக் குடித்த கொசு அது. தம்மைக் கடிக்கும் ஒவ்வொரு கொசுவுக்கும் ஓரணா வீதம் அந்த நோயாளி கூலி பெற்றார். கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமி வளர்ந்துகொண்டிருப்பதை அன்று ராஸ் கண்டார். 1902இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. ஹுசேன் கானுக்குக் கிடைத்தவை அந்த அணாக்கள்தாம்.

கொசுவுக்கு இவ்வாறு வரலாற்றில் ஓர் இடமும், ஆண்டுக்கொரு நினைவு நாளும் அமைந்துவிட்டன. ஆயினும் கடிக்கும் சிற்றுயிர் ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்கு நோயைக் கொண்டுசெல்லும் என்பதற்கு ராஸுக்கு நான்கு ஆண்டுகள் முன்னரே ஐயமறச் சான்று கூறியது வேறோர் உயிர். 1877இல் பாட்ரிக் மான்ஸன் யானைக்கால் நோய்ப் புழு கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டிருந்தார் என்பது உண்மையே. ஆனால் கடியின் வழியாக நோய் பரவுவதை அவர் மெய்ப்பித்துக் காட்டவில்லை. மெய்ப்பித்துக் காட்டிய பெருமை, நம் வீட்டு மாட்டின் காதுமடலிலும் நாயின் கழுத்திலும் ஒட்டிக்கொண்டு கிடக்கும் உண்ணியைச் சேரும். அதனுடைய வரலாற்றையே நேயர்களுக்கு இங்கே கூற விழைகின்றோம்.

உண்பதனால் உண்ணி எனப் பெயர் வைத்தனர் நம் முன்னோர். மிகப் பொருத்தமான பெயர். இது பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று; எட்டுக் கால்களையுடைய சிலந்தி, தேள் ஆகியவற்றுக்கு உறவினம். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்கு ஆறே கால்கள். அது ஒருமுறை வயிறு நிரம்ப இரத்தம் குடித்து, தோலுரித்து, எட்டுக் கால் பெறும். மறுமுறை குடித்து முழு வளர்ச்சி அடையும். மூன்றாம் முறை குடித்த பெட்டை, ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு மடியும். வாழ்நாள் முழுவதிலும் பெரும்பாலான இனங்கள் உண்பது இந்த மூன்று வேளைதான். இடையில் மாதக்கணக்கில் புல் நுனியிலும் சருகிலும் பட்டினி கிடந்து காத்திருக்கும். இத்தகைய பொறுமை கொசுவுக்குக் கிடையாது.

சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் அமெரிக்க நாட்டில் மாடுகளைத் தாக்கிய காய்ச்சல் ஒன்று பெரும் புதிராக இருந்தது. தெற்கே டெக்ஸாஸிலிருந்து ஓட்டிவரப்பட்ட மாடுகள் நலமாகவே இருந்தன. அவை நடந்துவந்த வழியில் பின்னர் மேய்ந்த வடக்கத்தி மாடுகளோ, சில வாரங்களில் காய்ச்சல் கண்டு, சிறுநீர் செந்நிறமாகி மாண்டன. மாடு வளர்ப்போர் பலர், ‘இது உண்ணியின் வேலை’ என்றனர். கற்றறிந்தோர் அதை நம்பவில்லை. தியோபால்டு ஸ்மித், கில்போர்ன் ஆகிய இருவரும் 1889 முதல் அதைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தனர். உண்ணிகளை ஒன்றுவிடாமல் பிடுங்கி எறிந்தபின் தெற்கத்தி மாடுகளை வடக்கத்தி மாடுகளுடன் ஒரே வேலிக்குள் விட்டனர், நோய் வரவில்லை. மாடுகளே இல்லாமல் உண்ணிகளை மட்டும் புல்லில் தூவிவிட்டனர். அங்கு மேய்ந்தவை நோயுற்றன. ஆய்வுக்கூடத்தில் முட்டையிலிருந்து பொரித்த குஞ்சுகளை, வேறெங்கும் இரத்தம் குடித்திராத அக்குஞ்சுகளை, நல்ல மாட்டின்மேல் விட்டபோதும் நோய் வந்தது. தாய் உண்ணி தன் முட்டையின் வழியே கிருமியைக் குஞ்சுக்குக் கொடுத்திருக்கிறது! 1893இல் இம்முடிவுகள் வெளியாயின. மாட்டுக்காரர்கள் சொன்னது சரியாயிற்று.

மனிதருக்கு உண்ணியினால் வரும் காய்ச்சல்களுள் நம் நாட்டில் முதன்மையானது எது என்று கேட்டால், நாம் மேற்குத் தொடர்ச்சி மலைக்குச் செல்ல வேண்டும். 1957ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அன்றைய மைசூர் இராஜ்யத்தின் ஷிமோகா ஜில்லாவில், ஸொரப் தாலூகாவைச் சேர்ந்த கியாஸனூர்க் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. சாம்பல் நிற மந்திகளும், நம் ஊர்களில் திரியும் நாட்டுக் குரங்குகளும் மரத்தடிகளில் மாண்டு கிடந்தன. அடுத்து, காட்டோரக் கிராமங்களில் மனிதர் படுத்தனர். திடீரெனக் குளிரும் காய்ச்சலும், தாங்கவொண்ணாத தலைவலியும் தசைவலியும், வாந்தியும், சிலருக்கு மூக்கிலும் ஈறிலும் இரத்தப்போக்கும் கண்டன. விஞ்ஞானிகள் வந்து சேருமுன்னரே கிராமத்தார் இரண்டையும் இணைத்துவிட்டனர். ‘மங்கன காயிலெ’, அதாவது குரங்கு நோய், என்று கன்னடத்தில் அவர்கள் இட்ட பெயர் இன்றளவும் வழங்குகிறது.

செய்தி பூனாவுக்கு எட்டியதும் அங்கே பெருங்கலக்கம் உண்டாயிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ராக்பெல்லர் அறநிறுவனமும் சேர்ந்து 1952இல் தொடங்கிய வைரஸ் ஆராய்ச்சி நிலையம் அங்கே இருந்தது. தென்னமெரிக்கக் காடுகளில் குரங்குகள் மடிவது மஞ்சள் காய்ச்சலின் முன்னறிவிப்பு. அந்நோயைப் பரப்பவல்ல கொசு நம் நாட்டில் ஏராளம். நோய் மட்டும் ஒருபோதும் வந்ததில்லை. வந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை நினைக்கவே அஞ்சிய காலம் அது. டெல்ஃபோர்டு வொர்க், ஹெரால்டு டிராபிடோ, இராமச்சந்திர ராவ் முதலியோர் அக்காட்டில் இறங்கி ஆராய்ந்தனர். செத்த குரங்கிலிருந்தும் நோயாளியிடமிருந்தும் உண்ணியிடமிருந்தும் ஒரே வைரஸ் கிடைத்தது. அது மஞ்சள் காய்ச்சலன்று. 1937இல் ருஷ்யாவின் கீழைக் காடுகளில் லெவ் ஸில்பரின் குழுவினர் கண்டறிந்த மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு நெருங்கிய உறவு. (அந்த ஆராய்ச்சியில் ஈடுபட்ட சுமாகோவ் என்ற இளம் விஞ்ஞானி தாமே நோயுற்று, செவித்திறனையும் வலக்கையின் வலிமையையும் இழந்தார். இத்தகைய ஆராய்ச்சி எளிதான ஊழியம் அன்று.)

ஸைபீரிய நோயின் தங்கை மைசூருக்கு எப்படி வந்தாள்? வலசை வரும் பறவைகள் தம் உடலில் உண்ணியைச் சுமந்து வந்திருக்கலாம் என்று சிலர் கருதினர். அதை அறியும்பொருட்டு, உலக சுகாதார ஸ்தாபனத்தின் உதவியுடன், ஸலீம் அலியின் தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் 1959 முதல் ஆயிரமாயிரம் பறவைகளின் கால்களில் வளையமிட்டனர். பின்னாளில் நம் கோடிக்கரையிலும் அப்பணி நடந்தது. பறவைகளே வைரஸைக் கொண்டுவந்தன என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. ஆனால் பறவைகளின் போக்குவரத்தைப் பற்றி நாம் இன்று அறிந்தவற்றுள் பெரும்பகுதி அந்த ஐயத்தால் விளைந்ததே.

காட்டில் நடப்பது இதுதான். சிறு எலிகளும் மூஞ்சூறுகளும் உண்ணிக் குஞ்சுகளுக்கு உணவளிக்கின்றன. குரங்கு நோயுற்றால் அதன் இரத்தத்தில் வைரஸ் பெருகுகிறது. குடிக்கும் உண்ணிகள் அனைத்தும் நஞ்சேறுகின்றன. குரங்கு இறந்து உடல் குளிர்ந்ததும் அவை இறங்கிச் சுற்றிலும் பரவுகின்றன. அவ்விடத்தில் அடுத்து யார் வந்து குந்துகிறார்களோ அவர்களுக்கு ஆபத்து. மேய வரும் ஊர் மாடுகள் வளர்ந்த உண்ணிகளுக்கு வயிறு நிரப்பி, அவற்றின் தொகையைப் பெருக்கிவிடுகின்றன. மார்கழி முதல் வைகாசி வரை, மழையற்ற மாதங்களில், எள்ளளவேயுள்ள இளம் உண்ணிகள் சருகெங்கும் நிறைந்திருக்கும். மலைநாட்டார் காட்டுக்குச் செல்வதும் அந்த மாதங்களில்தான். விறகு வேண்டும், கால்நடைக்கு மேய்ச்சல் வேண்டும், பாக்குத் தோட்டத்துக்குத் தழையும் சருகும் வேண்டும். அங்குள்ள பாக்குத் தோட்டக்காரர்கள் காட்டுத் தழையை உரமாக இட்டே மரங்களை வளர்ப்பவர்கள். தோட்ட வேலை செய்பவருக்கு நோய் தோட்டத்தில் காத்திருக்கவில்லை. உரம் அள்ளும் இடத்தில் காத்திருந்தது. காட்டுக்குப் போகாதீர்கள் என்று அவர்களிடம் சொல்வது, உண்ணாதீர்கள் என்று சொல்வதற்குச் சமம். நோய் கண்டோரில் நூற்றுக்கு மூவர் முதல் ஐவர் வரை இறக்கின்றனர். மனிதரிடமிருந்து மனிதருக்கு இது தொற்றுவதில்லை என்பதே ஆறுதல்.

நெடுங்காலம் ஷிமோகாவைச் சுற்றியே இருந்த நோய், 2012க்குப்பின் வெளியே தலைகாட்டியது. பந்திப்பூர், நீலகிரி, வயநாடு, கோவா, மகாராஷ்டிரத்தின் ஸிந்துதுர்க் எனத் தொடர்ச்சி மலை நெடுகிலும் அதன் சுவடு காணப்பட்டது. கோவாவில் முந்திரித் தோப்புகளில் பழம் பொறுக்கியவர்கள் நோயுற்றனர். 1990 முதல் கர்நாடகத்தில் போடப்பட்டுவந்த தடுப்பூசியோ, பலமுறை போட்டும் போதிய காப்பு அளிக்கவில்லை. 2022இல் அது நிறுத்தப்பட்டது. நோயைத் தீர்க்கும் தனி மருந்தும் இல்லை. உரிய காலத்தில் படுக்க வைத்து, நீரிழப்பும் இரத்தப்போக்கும் நேராமல் காப்பதே சிகிச்சை.

மேலை நாடுகளில் உண்ணி என்றவுடன் நினைவுக்கு வருவது லைம் நோய். அதன் கதையையும் சுருங்கச் சொல்லலாம். 1975இல், அமெரிக்காவின் கனெக்டிகட் மாகாணத்தில் லைம் என்னும் சிற்றூரைச் சுற்றிப் பல குழந்தைகளுக்கு முழங்கால் வீங்கியது. கீல்வாதம் என்று வைத்தியர்கள் கூறினர். ஒரே தெருவில் இத்தனை குழந்தைகளுக்கா என்று வினவியவர் பாலி மர்ரே என்ற தாயார். தம் வீட்டாரின் நோய்க் குறிப்புகளை ஆண்டுக்கணக்கில் எழுதி வைத்திருந்த அவரை வைத்தியர் சிலர் மனக்குழப்பம் உடையவரென்றே எண்ணினர். யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஸ்டீர் அவர் சொல்லைச் செவிமடுத்தார். 1981இல் வில்லி பர்க்டார்ஃபர் மான் உண்ணியின் குடலில் சுருள் வடிவக் கிருமியைக் கண்டபின் நோயின் மூலம் தெளிவாயிற்று. கடித்த இடத்தைச் சுற்றி நாள்தோறும் விரியும் செந்நிற வளையம் அதன் அடையாளம். தொடக்கத்தில் கண்டால் டாக்ஸிசைக்ளின் போன்ற எளிய மருந்தால் குணமாகும். நம் நாட்டில் இந்நோய் அரிதாகவே பதிவாகியுள்ளது. ஆதலால் ஜூபிலி ஹில்ஸில் காசு பிரம்மானந்த ரெட்டி தேசியப் பூங்காவைச் சுற்றிக் காலையில் உலாவும் ஹைதராபாத் அன்பர்கள், அயல்நாட்டுச் செய்திகளைப் படித்துவிட்டு லைம் நோய்க்கு அஞ்ச வேண்டியதில்லை.

அவர்களும், நம் தமிழ்நாட்டுத் தோட்டக்காரர்களும் கருத்தில் கொள்ள வேண்டியது வேறொன்று. ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று நம் செய்தித்தாள்கள் எழுதும் ஸ்க்ரப் டைபஸ் அது. இரண்டாம் உலகப் போரில் பர்மாப் போர்முனைச் சிப்பாய்களை வாட்டிய அதே நோய். உண்மையில் இதைப் பரப்புவது உண்ணியன்று. அதற்கு உறவான, கண்ணுக்கு அரிதில் புலப்படும் செந்நிறக் குஞ்சு. புதரிலும் உயரப் புல்லிலும் அது இருக்கும். கடித்த இடத்தில் வலியற்ற கருநிறப் பொருக்கு ஒன்று தோன்றும். அக்குள், இடுப்பு போன்ற மறைவிடங்களில் இருப்பதால் நோயாளியும் அறியார், வைத்தியரும் தேடாவிட்டால் காணார். ஒரு வாரமாகக் காய்ச்சல் விடாதவர், தாம் தோட்ட வேலை செய்ததையோ காட்டில் நடந்ததையோ வைத்தியரிடம் தாமே சொல்லிவிடுவது நன்று. இதற்கும் டாக்ஸிசைக்ளின் கேட்கும்; காலம் தாழ்ந்தால் உயிருக்கே தீங்காகும்.

உண்ணி தோலில் ஒட்டிக்கொண்டால் நம் ஊர்களில் மண்ணெண்ணெய் ஊற்றுவதும், அணைத்த தீக்குச்சியின் சூட்டை வைப்பதும், புகையிலைச் சாறு பூசுவதும் உண்டு. இவை தவறு, வெருண்ட உண்ணி தன் உமிழ்நீரை மேலும் உள்ளே செலுத்திவிடக்கூடும். கூர்முனைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து எடுத்து, சோப்பும் நீரும் கொண்டு கழுவுவதே முறை. விரலால் நசுக்கக் கூடாது. ஏனென்றால் அதன் இரத்தத்திலும் நோய் இருக்கலாம். 2011 ஜனவரியில் குஜராத்தில் உண்ணியால் பரவும் கிரிமியன் காங்கோ காய்ச்சல் கண்ட ஒரு பெண்மணியும், அவருக்குச் சிகிச்சை அளித்த வைத்தியரும் செவிலியும் அடுத்தடுத்து மாண்டனர். அந்நோய் நோயாளியின் இரத்தத்தின் வழியாகவும் தொற்றும்.

மீண்டும் ஹைதராபாத்துக்கு வருவோம். ராஸின் கொசு கிடைத்த நகரில் உண்ணிக்கும் இன்று ஓர் இடம் உண்டு. மாடுகளுக்கு உண்ணியால் வரும் தைலீரியா நோய்க்கு எதிரான ‘ரக்ஷாவாக்-டி’ என்ற தடுப்பு மருந்தைச் செய்வது அந்நகரிலுள்ள இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ் நிறுவனம். கலப்பினக் கறவை மாடுகளை வைத்திருப்போர் அம்மருந்தின் அருமையை அறிவர். கியாஸனூர்க் காய்ச்சலுக்குப் புதிய தடுப்பூசி ஒன்றை உருவாக்கும் முயற்சியிலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அதே நிறுவனத்துடன் கைகோத்துள்ளது. அது ஷிமோகா மலையில் தழை அள்ளுவோரின் கைக்கு எட்டும்வரை, மார்கழி பிறந்ததும் உடலில் எண்ணெய் பூசிக்கொண்டு, கைகால்களை மூடி உடுத்து, செத்த குரங்கு கிடக்கும் திசையை விலக்கி அவர்கள் காட்டுக்குள் நடந்துகொண்டிருப்பார்கள்.