டூப் தந்த பெயர்

ஒரு நிரற்கூறைத் தனியே சோதிக்க, அது சார்ந்திருக்கும் தரவுத்தளம் முதலியவற்றின் இடத்தில் போலிகளை நிறுத்துவர். கேட்டதற்கு ஆயத்த விடை தருவது 'ஸ்டப்'. தன்னை எவ்வாறு அழைக்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பைத் தாங்கி, அது பிறழ்ந்தால் சோதனையைத் தோற்கச் செய்வது 'மாக்'. பின்னதை 2000-இல் டிம் மெக்கின்னன், ஸ்டீவ் ஃப்ரீமன், பிலிப் கிரெய்க் ஆகியோர் கட்டுரையாக முன்வைத்தனர். விரைவில் எல்லாப் போலிகளும் 'மாக்' என்றே வழங்கலாயின. 2004-இல் மார்ட்டின் ஃபவுலர் இரண்டும் வேறு என எழுதினார். 2007-இல் ஜெரார்டு மெசாரோஸ், அனைத்துக்கும் பொதுப்பெயராக 'டெஸ்ட் டபுள்' என்பதைத் தம் நூலில் நிறுவினார். திரைப்படச் சண்டைக்காட்சியின் டூப்பே அப்பெயருக்கு மூலம்.

பெயரிலேயே எச்சரிக்கையும் அடங்கியுள்ளது. டூப் குதித்தமையால் நாயகனுக்குக் குதிக்கத் தெரியும் என்று ஆகிவிடாது. போலியோடு வென்ற சோதனையும், உண்மைத் தரவுத்தளம் அவ்வாறே நடந்துகொள்ளும் என்பதற்குச் சான்றாகாது.