துஞ்சின தேவர்கள்



வரலாறு என்றவுடன் உங்கள் நினைவுக்கு வருவன போர்களும், வெற்றிகளும், அரசர்களின் ஆட்சியாண்டுகளுமே. தேர்வுக்கு அவை வேண்டும். நானும் முப்பதாண்டுகளுக்கு மேல் அவற்றையே கற்பித்து வந்தேன். ஆயினும், நம் கோயிற் சுவர்களில் வேறொரு செய்தியும் வெட்டப்பட்டிருக்கின்றது. தம்மை விட்டுப் பிரிந்த தந்தையை, தாயை, கணவனை, பாட்டனை நம் முன்னோர் எவ்வாறு போற்றினர் என்பதே அச்செய்தி. அதனைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகின்றேன்.

சோழர் கல்வெட்டுகள் மறைந்த அரசரைத் துஞ்சியவர் என்று குறிப்பது வழக்கம். துஞ்சுதல் என்றால் உறங்குதல். காஞ்சியில் பொன்மாளிகையில் உயிர் நீத்த சுந்தர சோழர் 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்' ஆனார். ஆற்றூரில் மறைந்த அரிஞ்சயர் 'ஆற்றூர்த் துஞ்சின தேவர்' ஆனார். இவ்வாறு மறைந்தவர் நினைவாக எடுக்கப்பட்ட கோயிலுக்குப் பள்ளிப்படை என்று பெயர். பள்ளி என்ற சொல்லுக்கும் உறங்கும் இடம் என்னும் பொருள் உண்டு.

இந்த அரிஞ்சயர் யார்? முதற் பராந்தகரின் மகன். சுந்தர சோழரின் தந்தை. 10ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் மிகக் குறுகிய காலமே ஆண்டவர். பாடநூலில் அவருக்கு அரை வரிக்கு மேல் இடம் கிடைப்பதில்லை. ஆனால், அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்த பின்னர், வேலூர் மாவட்டத்து மேற்பாடியில் அவருக்கு ஒரு பள்ளிப்படை எழுந்தது. எடுப்பித்தவர் பேரனாகிய முதலாம் இராசராசர். கல்வெட்டின் காலம் 1014; அதாவது இராசராசர்தம் ஆட்சியின் இறுதிக் காலம். ஈழத்தில் வெற்றி கண்டு, தஞ்சையில் பெரிய கோயிலையும் எழுப்பி முடித்த அப்பேரரசர், புகழ்பெறாத தம் பாட்டனை மறக்கவில்லை.

குடந்தையை அடுத்த கோனேரிராசபுரத்துக்குச் செல்லுங்கள். அதன் பழம்பெயர் திருநல்லம். அங்குள்ள கற்றளியைத் தம் கணவர் கண்டராதித்தரின் பெயரால் எடுப்பித்தவர் செம்பியன் மாதேவியார். கண்டராதித்தர் சிவபெருமானை வழிபடும் சிற்பம் ஒன்றும் அங்கே உள்ளது. வாளேந்தும் வேந்தராக அன்றி, வழிபடும் அடியாராகவே கணவரை உலகம் காண வேண்டும் என்று அம்மையார் எண்ணினார் போலும். கணவரை இழந்த பின் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் வாழ்ந்த அவர், செங்கற் கோயில்கள் பலவற்றைக் கருங்கற் கோயில்களாக்கினார்.

சுந்தர சோழர் மறைந்தபோது அவர் மனைவி வானவன் மாதேவியாரும் உடனே உயிர் துறந்தார் என்று திருக்கோவலூர்க் கல்வெட்டு கூறும். அக்காலத்து அக்கொடிய வழக்கத்தால், மகள் குந்தவையார் தந்தையையும் தாயையும் ஒருசேர இழந்தார். பிற்காலத்தில் தம்பி இராசராசர் எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிலில் இருவருக்கும் செப்புத் திருமேனிகள் அமைத்து, அணிகலன்களும் அளித்தார். தஞ்சையில் தந்தையின் பெயரைத் தாங்கி நடந்த மருத்துவச் சாலைக்கு நிலமும் வழங்கினார்.

மாற்றாந்தாய் என்றால் கொடியவள் என்றே கதைகள் நமக்குச் சொல்லியிருக்கின்றன. ஆனால் பட்டீச்சுரத்துக்கு அருகில் உள்ள பஞ்சவன் மாதேவீச்சரம், முதலாம் இராசேந்திரர் தம் மாற்றாந்தாய்க்கு எடுத்த பள்ளிப்படை. கங்கை வரை படை செலுத்திய அவ்வேந்தருடைய நெஞ்சின் மற்றொரு பக்கத்தை அச்சிறு கோயில் காட்டுகின்றது.

இவர்கள் எல்லோரும் செய்தது என்ன? துயரத்தைக் கண்ணீரோடு விட்டுவிடாமல், அதனை ஒரு பணியாக ஆக்கினர். ஒரு விளக்கு எரிய வேண்டும். அதற்கு எண்ணெய் வேண்டும். நோயாளிக்கு மருந்து வேண்டும். அதற்கு நிலம் வேண்டும். இவற்றையெல்லாம் பெயரோடு எழுதியும் வைத்தனர். ஆதலின், ஆயிரம் ஆண்டு கடந்தும் நாம் அவர்களை அறிகின்றோம்.

அரசர்க்குப் பொருள் இருந்தது. நமக்கு ஏது என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு ஒரு தமக்கையார் இருந்தார். இளமையில் தாயை இழந்த என்னை வளர்த்தவர் அவரே. தாம் ஐந்தாம் வகுப்போடு நின்று, நாற்று நட்ட கூலியில் எனக்குச் சிலேட்டு வாங்கித் தந்தார். ஆசிரியப் பயிற்சிக்கும் அனுப்பினார். அவருக்கு மக்கட்பேறு இல்லை. அவர் மறைந்து ஒன்பதாண்டுகள் ஆயின. அவருடைய இளமையை அறிந்தவருள் எஞ்சியிருப்பவன் நான் ஒருவனே. எனக்குப் பின் அவர் இருந்ததற்கு என்ன சான்று? ஆகவே, அவர் வாழ்க்கையை நான்கு பக்கங்களில் எழுதி வைத்திருக்கின்றேன். ஒவ்வோர் ஆண்டும் சூன் மாதத்தில், ஆறாம் வகுப்பில் சேரும் எங்கள் ஊர்ச் சிறுமி ஒருத்திக்குக் குறிப்பேடுகள் வாங்கி, அவற்றின் முதற்பக்கத்தில் தமக்கையாரின் பெயரை எழுதிக் கொடுத்து வருகின்றேன். வாங்கும் சிறுமி, "இவர் யார், ஐயா?" என்று கேட்பாள். நான் சொல்வேன்.

மாணவர்களே, உங்கள் பாட்டியின் தாயார் பெயர் உங்களுக்குத் தெரியுமா? தெரியாதெனில், இன்று மாலையே வீட்டில் மூத்தோரிடம் கேளுங்கள். அவர்கள் எந்த ஊரில் பிறந்தனர், எந்தத் தொழில் செய்தனர், யாரை வளர்த்தனர் என்பனவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி, தேதியும் இடுங்கள். கல் வேண்டுவதில்லை, மையும் தாளும் போதும். சொல்லக்கூடியவர்கள் துஞ்சிய பின்னர்க் கேட்டுப் பயனில்லை.