விரைவும் நிறுத்தமும்

மோட்டார் வண்டியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அதன் வேகத்தின் வரலாற்றையே எழுதியிருக்கின்றனர். எந்த ஆண்டில் எத்தனை குதிரைச் சக்தி, எந்தப் பந்தயத்தில் மணிக்கு எத்தனை மைல் என்பனவே நம் நினைவில் நிற்கின்றன. ஓடும் வண்டியை நிறுத்துவது எப்படி என்ற வினாவுக்கு மனிதன் விடை தேடிய வரலாறோ, சுவையில் அதற்குச் சற்றும் இளைத்ததன்று. பழங்கால வண்டிகளைப் பேணிக் காப்போர் அவற்றுக்குப் பிற்காலத்துப் பிரேக்குகளைப் பொருத்தும் வழக்கம் இன்று பல நாடுகளில் உண்டு. அவ்வழக்கம் ஏன் பிறந்தது, அதில் கவனிக்க வேண்டுவன யாவை என்பவற்றை அந்த வரலாற்றின் வாயிலாகவே ஆராய்வோம்.

முதலில் ஒரு சிறு கணக்கு. ஓடும் பொருளின் இயக்க சக்தி அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தை அடைந்தால், அதன் சக்தி நான்கு மடங்காகிறது. 90 கிலோமீட்டரை எட்டினால் ஒன்பது மடங்காகிறது. பிரேக்கு இந்தச் சக்தியை உராய்வினால் உஷ்ணமாக மாற்றிக் காற்றில் கலக்கவிடுகிறது. உஷ்ணத்தை உண்டாக்குவதும் அதை விரைவில் வெளியேற்றுவதும் ஆகிய இரண்டும் அதன் வேலை. இந்த உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

1888ஆம் ஆண்டில் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் அம்மையார், தம் கணவர் கார்ல் பென்ஸ் அமைத்த வண்டியில் தம் புதல்வர் இருவருடன் மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்குப் பயணம் செய்தார். நெடுந்தூரம் ஓடிய முதல் மோட்டார்ப் பயணம் அது. மலைச்சரிவுகளில் இறங்குகையில் மரக்கட்டையால் ஆன பிரேக்கு தேய்ந்து போயிற்று. வழியில் ஓர் ஊரில் செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரைக் கொண்டு அக்கட்டைகளின்மேல் தோலை வைத்து அறையச் செய்தார் அம்மையார். பிரேக்குக்கு 'லைனிங்' இடும் வழக்கத்தின் தொடக்கம் இதுவே என்பர். கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்றது 1886இல். வண்டி பிறந்து இரண்டே ஆண்டுகளில் அதன் பிரேக்கை மாற்றியமைக்க நேர்ந்தது என்பதை நோக்குங்கள்!

1902ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்து லூயி ரெனோ, சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் உட்புறத்தில் வளைந்த ஷூக்கள் விரிந்து அழுத்தும் பிரேக்கை அமைத்தார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் ஃபிரெடெரிக் லாஞ்செஸ்டர், சுழலும் தட்டை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கேற்ற உராய்வுப் பொருள் அந்நாளில் இல்லை. ஆதலால் டிஸ்க் பிரேக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு காத்திருந்தது. டிரம் பிரேக்கே அரசாண்டது.

அக்காலத்து வண்டிகள் பலவற்றில் பின் சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக்கு உண்டு. முன் சக்கரங்களைப் பிடித்தால் வண்டி திசை தவறும், குப்புறக் கவிழும் என்று பலர் அஞ்சினர். உண்மையில், வண்டியை நிறுத்தும்போது அதன் பாரம் முன்புறமே சாய்கிறது. பின் சக்கரங்களின் பிடி குறைகிறது. எந்தச் சக்கரங்களால் அதிகம் நிறுத்த முடியுமோ அவற்றையே சும்மா விட்டிருந்தனர். 1919இல் வெளிவந்த ஹிஸ்பானோ சூய்சா எச்6 போன்ற உயர்ந்த வண்டிகள் நான்கு சக்கரப் பிரேக்கின் மேன்மையைக் காட்டின. 1920களில் இங்கிலாந்தில் இத்தகைய வண்டிகளின் பின்புறத்தில் சிவப்பு முக்கோண அடையாளம் ஒன்றைப் பொருத்தினர். 'இவ்வண்டி சட்டென்று நிற்கும், பின்னால் வருவோர் எச்சரிக்கையாக இருக்க' என்பது அதன் பொருள்.

நான்கு சக்கரங்களையும் பிடிக்க முற்பட்டபோது புதிய தொல்லை ஒன்று தோன்றியது. கம்பிகளாலும் தண்டுகளாலும் இயங்கும் பிரேக்கில் ஒரு சக்கரம் மிகுதியாகவும் மற்றொன்று குறைவாகவும் பிடித்தால் வண்டி ஒருபுறமாக இழுக்கும். இதற்குத் தீர்வு, அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கல் விதியில் இருந்தது. அமெரிக்கராகிய மால்கம் லாக்ஹெட் அவ்விதியைப் பிரேக்குக்குப் பயன்படுத்தினார். 1921இல் பிரெஞ்சு கிராண்ட் பிரிக்ஸ் பந்தயத்தில் வெற்றி கண்ட டியூசன்பெர்க் வண்டியில் திரவப் பிரேக்கு இருந்தது. 1924இல் நடுத்தர விலையுள்ள கிரைஸ்லர் வண்டியிலேயே அது இடம் பெற்றது.

ஹென்றி ஃபோர்டோ இதை எளிதில் ஏற்கவில்லை. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்பனையான அவருடைய 'மாடல் டி' வண்டியில் கால்மிதி பிரேக்கு கியர்ப் பெட்டிக்குள் ஒரு பட்டையை இறுக்குவதாக அமைந்திருந்தது. அதன் சக்தி 20 குதிரைச் சக்தி. அடுத்து வந்த 'மாடல் ஏ' 40 குதிரைச் சக்தியும், 1932இன் 'வி8' 65 குதிரைச் சக்தியும் கொண்டவை. இவ்விரண்டிலும் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக்கு வந்தது. ஆனால் அவை தண்டுகளால் இயங்கியவை. மிதியிலிருந்து சக்கரம் வரை எஃகே தொடர்வது பாதுகாப்பு என்று நிறுவனம் விளம்பரம் செய்தது. திரவப் பிரேக்கு ஃபோர்டு வண்டியில் இடம் பெற்றது 1939ஆம் ஆண்டு மாடல்களிலேதான்.

இந்த இடைவெளியே பழைய வண்டிக்குப் புதிய பிரேக்கு பொருத்தும் கலையை வளர்த்தது. கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் வேகப் போட்டி நடத்திய இளைஞர்கள் 1930களின் மலிவான ஃபோர்டுகளை வாங்கி எஞ்சினின் வலிமையைப் பெருக்கினர். பெருக்கிய வேகத்தை அடக்கத் தண்டுப் பிரேக்கு போதவில்லை. ஃபோர்டு நிறுவனம் 1948 வரை பழைய அச்சு அமைப்பையே கையாண்டு வந்ததால், 1939க்குப் பிந்திய திரவப் பிரேக்குகளை முந்திய வண்டிகளில் சிறு மாற்றங்களுடன் பொருத்த முடிந்தது. அம்முறை இன்றும் கையாளப்படுகிறது.

டிரம் பிரேக்குக்கும் ஒரு குறை உண்டு. அடிக்கடி அழுத்தினால் உஷ்ணத்தால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், உராய்வும் குறையும். நீண்ட மலையிறக்கத்தில் மிதி தரையைத் தொட்டும் வண்டி நிற்காத நிலை இதனால் வருவது. திறந்த காற்றில் சுழலும் டிஸ்க் விரைவில் குளிரும். 1953இல் லமான் நகரத்து 24 மணி நேரப் பந்தயத்தில், டன்லப் டிஸ்க் பிரேக்கு பொருத்திய ஜாகுவார் 'சி டைப்' வண்டியை ஓட்டி டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன் ஆகிய இருவரும் வென்றனர். அப்பந்தயத்தில் சராசரி வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டியது அதுவே முதல் முறை. அவர்களுக்கு வெற்றி தேடித் தந்ததில் பிரேக்குக்குப் பெரும் பங்கு உண்டு. வளைவுக்கு முன் பிறரைவிடப் பின்னர்ப் பிரேக்கு போடத் துணிந்தவன் நேர்ச்சாலையில் அதிக நேரம் விரைந்து செல்லலாம் அன்றோ?

இனி, பழைய வண்டிக்கு டிஸ்க் பிரேக்கு பொருத்த விரும்புவோர் கவனிக்க வேண்டுவன சில. டிரம்மில் முன்னோக்கிய ஷூ சுழற்சியினாலேயே தானாக இறுகும். டிஸ்கில் இவ்வுதவி இல்லை. ஆகவே காலின் அழுத்தத்தைப் பெருக்கும் சர்வோ பெரும்பாலும் தேவைப்படும். டிரம்முக்கென அமைந்த மாஸ்டர் சிலிண்டர்கள் பலவற்றில், மிதியை விட்ட பின்னும் குழாயில் சிறிது அழுத்தத்தை நிறுத்தும் வால்வு உண்டு. அதை அப்படியே வைத்தால் டிஸ்க் ஓயாமல் உரசிச் சூடேறும். முன்பின் பிரேக்குகளின் பங்கு சரியாக அமையாவிட்டால், பின் சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும். ஒரே சுற்றுள்ள மாஸ்டர் சிலிண்டரில் ஒரு குழாய் ஒழுகினாலே எல்லாப் பிரேக்கும் போய்விடும். ஆதலால் இரட்டைச் சுற்றுள்ளதைப் பொருத்துவது முதற்கண் செய்யத் தக்கது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதன் தூசியை ஊதித் துடைப்பது நுரையீரலுக்குத் தீங்கு. இவ்வளவும் செய்தாலும், சாலையைப் பற்றி நிற்பது டயரே. டயரின் பிடிக்கு மேல் எந்தப் பிரேக்கும் நிறுத்தாது.

பழைய உறுப்புகளைக் கழற்றினால் பெயரெழுதிப் பத்திரப்படுத்துவது நலம். அவையும் வரலாற்றுச் சான்றுகள். அருங்காட்சியகத்தில் நிற்கும் வண்டி பிறந்த கோலத்திலேயே நிற்கட்டும். இன்றைய சாலையில் ஓடும் வண்டிக்கோ இன்றைய கடமை உண்டு. சிவப்பு முக்கோணம் அன்று பின்னால் வருபவனை எச்சரித்தது. இன்று எல்லா வண்டிகளும் சட்டென்று நிற்கின்றன. நிற்க இயலாத பழைய வண்டியே அபாயமாகிவிட்டது. வேகத்தால் வரும் இன்பம் ஓட்டுபவனுக்கு. பிரேக்கு தவறினால் வரும் துன்பமோ சாலையைக் கடக்கும் குழந்தைக்கும் உரியதாகிறது. ஆகையால் எஞ்சினுக்கு ஒரு குதிரைச் சக்தி கூட்ட நினைப்பவன், அதை அடக்கும் வழியை முதலில் அமைத்துக்கொள்வதே அறிவுடைமை.