ஆறு சென்ட் படுக்கை

தெருவோரச் சிறுவர்களுக்கு உதவி என்றதும் இலவசச் சாப்பாடுதான் நம் நினைவுக்கு வரும். 1854-இல் நியூயார்க்கில் ஒருவர் வேறு மாதிரி யோசித்தார்.

அன்று அந்நகரில் பத்திரிகை விற்ற பையன்கள் பலருக்கு வீடு கிடையாது. படிக்கட்டுக்கு அடியிலும் காலிப் பெட்டிகளுக்குள்ளும் சுருண்டு படுப்பார்கள். சார்லஸ் லோரிங் பிரேஸ் என்ற இறையியல் படித்த இளைஞர் 1853-இல் தொடங்கிய குழந்தைகள் உதவிச் சங்கம், 'சன்' பத்திரிகைக் கட்டடத்தின் மேல்மாடியில் அவர்களுக்கு ஒரு விடுதி திறந்தது. படுக்கைக்கு 6 சென்ட், குளியல் அதிலேயே அடக்கம். இரவுச் சாப்பாடு 4 சென்ட். சும்மா கொடுத்தால் சொந்தக் காலில் நிற்கும் குணம் கெட்டுவிடும் என்பது பிரேஸின் கணக்கு. (இது ஏதோ பிடித்துக்கொண்டு போகும் பொறி என்று முதலில் சந்தேகப்பட்ட பையன்களும் உண்டாம்!)

எனக்கு மிகவும் பிடித்தது அங்கிருந்த உண்டியல் மேசை. ஒவ்வொரு பையனுக்கும் எண் போட்ட தனித் துளை. அதை எத்தனை நாள் பூட்டி வைப்பது என்று பையன்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். சூதாட்டத்தில் கரைந்துகொண்டிருந்த சில்லறை அதில் சேர ஆரம்பித்தது.

ஆனால் அதே ஆண்டு அதே சங்கம் குழந்தைகளை ரயிலேற்றி மேற்கே பண்ணைக் குடும்பங்களுக்கு அனுப்பவும் தொடங்கியது. முதல் கூட்டம் இறங்கிய ஊர் மிச்சிகன் மாநிலத்தின் டோவாஜாக். உண்டியலுக்கு ஓட்டுக் கேட்டவர்களா இவர்கள் என்று தோன்றுகிறது. ஊர் மண்டபத்தில் வரிசையாக நிற்கவைத்து ஆள் பொறுக்கினார்கள். அண்ணன் ஒரு வீட்டுக்கு, தங்கை இன்னொரு வீட்டுக்கு. சிலருக்கு நல்ல குடும்பம் அமைந்தது. சிலர் கூலியில்லாப் பண்ணையாள் ஆனார்கள். 1929 வரை, பிற அமைப்புகள் அனுப்பியவர்களையும் சேர்த்து, ஏறத்தாழ 2 லட்சம் குழந்தைகள் அப்படிப் போனார்கள். பெற்றோர் உயிரோடு இருந்தவர்களும் அவர்களில் உண்டு.