வீட்டில் கூடும் சபைகள்: நாம் அறிந்திருக்க வேண்டியவை



சாரல் தொடங்கிவிட்டால் தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் சாலையில் ஞாயிறு காலை நடக்க இடமிருக்காது. அந்த நெரிசலுக்குள், நாம் திருப்பலிக்குப் போகும் அதே நேரத்தில், கையில் வேதாகமத்தோடும் தலையில் முக்காட்டோடும் ஏதோ ஒரு தெருவுக்குள் திரும்பும் குடும்பங்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே கோபுரமும் மணியும் இல்லை. பல இடங்களில் பெயர்ப்பலகைகூட இல்லை. ஒரு வீட்டின் முன்னறையில் பாய் விரித்து, பத்துப் பதினைந்து பேர் அமர்ந்திருப்பார்கள். "சபை கூடுகிறோம்" என்பார்கள். தங்களுக்குள் உள்ள உறவை "ஐக்கியம்" என்பார்கள்.

நம் பங்கு மக்களில் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார்: "சாமி, அங்க குடுக்குற அப்பத்த நான் வாங்கலாமா?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, அவர்கள் யார் என்பதை முதலில் நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

வீட்டில் கூடுவது புதுமையல்ல. பேதுரு சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டதும் நேராகச் சென்றது மாற்கு எனப்பட்ட யோவானின் தாய் மரியாவின் வீட்டுக்குத்தான். அங்கே பலர் கூடி இறைவேண்டல் செய்துகொண்டிருந்தார்கள் (திப 12:12). பிரிஸ்கா - அக்கிலா இணையரின் வீட்டிலும், பிலமோனின் வீட்டிலும், நிம்பாவின் வீட்டிலும் திருச்சபை கூடியதைப் பவுலடியார் எழுதுகிறார். ஆகவே "வீட்டில் என்ன வழிபாடு?" என்று ஏளனமாகக் கேட்கும் உரிமை நமக்கு இல்லை.

இந்தச் சபைகள் நேற்று முளைத்தவை என்று எண்ணுவதும் தவறு. நம் நெல்லைச் சீமையில் இவற்றுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. ஆந்தணி நாரிஸ் குரோவ்ஸ் என்ற ஆங்கிலேயப் பல் மருத்துவர் தம் தொழிலை விட்டுவிட்டு, முதலில் பாக்தாத்துக்கும், 1833 இல் இந்தியாவுக்கும் வந்தார். குருப்பட்டம் பெற்றவர் இன்றியே நம்பிக்கையாளர்கள் கூடி அப்பம் பிட்கலாம் என்பது அவரும் அவருடைய தோழர்களும் கொண்டிருந்த கருத்து. அவர்களே பின்னர் 'சகோதரர் சபையார்' எனப்பட்டார்கள். பாளையங்கோட்டையில் 1820 முதல் உழைத்த ஜெர்மானியரான இரேனியஸ் ஐயர், ஆங்கிலிக்கன் திருச்சபையின் ஒழுங்குகளை விமர்சித்து எழுதியதால் 1835 இல் தம் சங்கத்திலிருந்து விலக்கப்பட்டார்.

அந்த இரேனியஸிடம் படித்து, குரோவ்ஸோடு பழகியவர் உக்கிரன்கோட்டையில் 1810 இல் பிறந்த ஜான் கிறிஸ்தியான் அருளப்பன். எந்த மிஷனிடமும் சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்வது என்று அவர் முடிவெடுத்தார். 1840 இல் வத்திராயிருப்புக்கு அருகே கிறிஸ்தியான்பேட்டை என்ற குடியிருப்பை உருவாக்கினார். 1860 இல் அங்கிருந்து கிளம்பிய எழுப்புதலில் ஆண்களும் பெண்களும் பாவங்களை அறிக்கையிட்டு அழுததையும், பரவசநிலையில் பேசியதையும் அக்காலத்து மிஷனரிகள் பதிவு செய்துள்ளனர். அருளப்பன் 1867 இல் இறந்தார். வெள்ளைக்காரர் சம்பளமின்றி, அவர் கட்டளையுமின்றி ஒரு தமிழர் சபை நடத்தியதை எண்ணினால், கொள்கையில் நமக்கு எவ்வளவு வேறுபாடு இருந்தாலும் எனக்கு மரியாதையே தோன்றுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் பஞ்சாபில் சீக்கியக் குடும்பத்தில் பிறந்த பக்த்சிங் 1941 இல் சென்னையில் தொடங்கிய ஐக்கியமும் இதே வழியில் பரவியது. பெந்தகோஸ்து வீட்டுக் கூட்டங்கள் வேறு வகை. அவர்கள் பரவசப் பேச்சுக்கும் குணமளிக்கும் செபத்துக்கும் முதலிடம் தருவார்கள். சகோதரர் சபையார் பலர் அவற்றை ஏற்பதில்லை. நம்மவர்கள் எல்லாரையும் ஒரே கூடையில் போட்டு "அல்லேலூயா கூட்டம்" என்று சொல்வது அறியாமை.

சகோதரர் சபை மரபில் வந்த ஐக்கியங்களின் நம்பிக்கை என்ன? மூவொரு கடவுள், இயேசுவின் இறைத்தன்மை, அவருடைய சாவு, உயிர்ப்பு, வருகை ஆகியவற்றை நம்மைப் போலவே அறிக்கையிடுகிறார்கள். ஆனால் விவிலியம் ஒன்றே அளவுகோல் என்பார்கள். அதுவும் அவர்களுக்கு 66 நூல்கள், நமக்கு 73. குருக்கள் இல்லை, மூப்பர்கள் உண்டு. ஞாயிறுதோறும் ஒரே அப்பம், ஒரே கிண்ணம்; அது அவர்களுக்கு ஆண்டவரின் நினைவுகூரல் மட்டுமே. குழந்தைத் திருமுழுக்கை ஏற்பதில்லை. தானே விசுவாசத்தை அறிக்கையிட்டவருக்கே முழுக்கு. சிற்றாற்றில் அப்படி ஒரு முழுக்கு நடந்ததைப் பாலத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கரையில் நின்ற பாட்டி ஒருவர் அழுதுகொண்டே பாடினார்.

இங்கேதான் நமக்கு உண்மையான சிக்கல் வருகிறது. அங்கே சேரும் கத்தோலிக்கரிடம் மறுபடி முழுக்கு எடுக்கச் சொல்கிறார்கள். குழந்தையாக இருந்தபோது நாம் பெற்ற திருமுழுக்கு அழியாத முத்திரை. அதை இரண்டாம் முறை பெற இயலாது. அப்படி மீண்டும் முழுக்கு எடுத்துவிட்டுத் திரும்பி வருபவருக்கும் நாம் மறுபடி திருமுழுக்குத் தருவதில்லை; ஒப்புரவின் வழியாக ஏற்றுக்கொள்கிறோம். அதேபோல, தண்ணீரால் தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் அவர்கள் தரும் திருமுழுக்கையும் நாம் செல்லாதது என்பதில்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பலர் வளரும்வரை திருமுழுக்குப் பெறாதவர்கள். எனவே திருமண ஓலை எழுத வரும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். தேவைப்படும் அனுமதியும் அதைப் பொறுத்து மாறும். கல்யாண மண்டபம் பேசி, பத்திரிகை அடித்த பிறகு வந்து நிற்காதீர்கள்.

அப்பத்தைப் பற்றிய கேள்விக்கு என் பதில்: வாங்கக் கூடாது. குருத்துவம் இல்லாத இடத்தில் நற்கருணையின் முழு உண்மை பேணப்படவில்லை என்பது இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் போதனை. அவர்களோடு இறைவார்த்தையை வாசிக்கலாம், செபிக்கலாம். அப்பம் வரும்போது அமைதியாக அமர்ந்திருக்கலாம். அவர்களும் அதைத் தவறாக எடுக்க மாட்டார்கள். நம் பந்தியில் அவர்களை நாம் அழைக்காததன் காரணமும் இதுவே. ஒரே மேசையில் அமர முடியாத வலி இரு பக்கமும் இருக்கிறது.

அவர் தலையாட்டினார். பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு உறுத்தியது. கணவர் பக்கவாதத்தில் படுத்த மூன்றாம் நாளே ஐக்கியத்தார் கஞ்சி கொண்டு வந்தார்களாம். மாறிமாறி இரவில் விழித்திருந்தார்களாம். "நீங்க நோயில் பூசுதல் குடுக்க வந்தப்போ நாப்பது நாளாச்சு, சாமி." உண்மைதான். யாரும் எனக்குச் சொல்லவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆயிரம் குடும்பமுள்ள பங்கில் ஒருவர் படுத்தால் குருவுக்குத் தெரிய வழி வேண்டுமே! அந்த வழியை அமைக்க வேண்டியவனும் நான்தானே.

அந்த வழிக்கு நாம் வைத்திருக்கும் பெயர் அன்பியம். திருத்தந்தை ஆறாம் பவுல் 1975 இலேயே சிறு குழுமங்களைப் பற்றி எழுதினார். பங்கையும் ஆயரையும் விட்டுப் பிரியாதிருக்கும்வரை அவை திருச்சபைக்கு நம்பிக்கையின் அடையாளம் என்பது அவர் கருத்து. நம்மிடம் அன்பியங்கள் இருக்கின்றன. ஆனால் பல தெருக்களில் அவை திருவிழா வரி பிரிக்கவும், ஞாயிறு வாசகத்துக்கு ஆள் போடவும் மட்டுமே கூடுகின்றன. யார் வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்பது குறிப்பேட்டில் இல்லை.

இப்போது அந்தத் தெரு அன்பியத்தின் குறிப்பேட்டில் நோயாளிகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். வரும் புதன் இரவு ஏழரைக்கு அவர் வீட்டில்தான் கூட்டம். கஞ்சி கொண்டுவந்த இரு சகோதரிகளும் வரலாமா என்று கேட்டார். கட்டாயம் வரச் சொன்னேன். அவர்கள் வேதாகமத்தையும் நம் திருவிவிலியத்தையும் பக்கத்தில் வைத்து, பிலமோனுக்கு எழுதிய திருமுகத்தை வாசிக்கப் போகிறோம். ஒரே அதிகாரம்தான், சீக்கிரம் முடிந்துவிடும். அதன்பின் அன்று இரவு யார் அவரோடு விழித்திருப்பது என்று பேச வேண்டும்.