எண்ணப்பட்டோரும் எழுதப்பட்டோரும்

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால், அருவிக்கரையில் நிற்பவர் எந்தச் சமயத்தார் என்று எவரும் கேட்பதில்லை. தலையில் விழும் நீருக்கு அந்த வேறுபாடு தெரியாது. ஆனால் அரசின் கணக்கேட்டுக்கு அது தெரிந்தாக வேண்டியிருக்கிறது. 1871-72-ஆம் ஆண்டுகளில் நடந்த முதல் குடிமதிப்பிலிருந்தே நம் நாட்டு மக்களிடம் அவரவர் சமயம் கேட்டு எழுதப்பட்டு வருகிறது.

அக்கணக்குகள் நெடுங்காலம் தடித்த நூல்களாக அலுவலகங்களிலும் பெருநகர நூலகங்களிலும் அடங்கிக் கிடந்தன. இன்றோ அவற்றை எவரும் கட்டணமின்றி இணையத்தில் காணலாம். சமயத் தரவுகளுக்கென்றே அமெரிக்காவில் 1997-இல் ஒரு காப்பகம் தொடங்கப்பெற்று, 1998 முதல் இணையத்தில் இலவசமாகத் திறந்திருக்கிறது. நம் நாட்டின் 2011 கணக்கெடுப்பின் சமய அட்டவணைகளும் 2015 முதல் பொதுமக்கள் பார்வைக்கு வந்துள்ளன. தமிழ்நாட்டின் 7 கோடியே 21 இலட்சம் மக்களில் கிறிஸ்தவர் 44 இலட்சத்துக்குச் சற்று மேல், அதாவது நூற்றுக்கு 6.12 பேர் என்பதை நாம் வீட்டில் இருந்தபடியே அறிந்துகொள்கிறோம். இது பெரும் வசதி, ஐயமில்லை. ஆயினும் அந்த எண்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதலாவது, எல்லை. அந்த 2011 அட்டவணையில் தென்காசி மாவட்டத்தைத் தேடினால் கிடைக்காது. அம்மாவட்டம் 2019 நவம்பர் 22 அன்றுதான் பிறந்தது; அதற்கு முன் அது திருநெல்வேலியின் பகுதி. செங்கோட்டையின் கதை இன்னும் வியப்பானது. 1956 நவம்பர் 1 வரை அது திருவிதாங்கூரைச் சேர்ந்த நிலம். ஆகவே 1931-இல் அங்கு வாழ்ந்த கிறிஸ்தவர் எத்தனை பேர் என்று அறிய விரும்புவோர் சென்னை மாகாண அறிக்கையைப் புரட்டிப் பயனில்லை. திருவிதாங்கூர் அறிக்கையைத்தான் நாட வேண்டும். மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். ஏடுகள்தாம் இடம் மாறின.

இரண்டாவது, அளவு. சமயக் கணக்கு தாலுகா, நகரம் என்ற அளவோடு நின்றுவிடும், சிற்றூருக்கு இறங்காது. 1981 பிப்ரவரி 9 முதல் 28 வரை நாடெங்கும் கணக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தது. அதன் நடுவே, பிப்ரவரி 19 அன்று, தென்காசிக்கு அருகிலுள்ள மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கு மேற்பட்ட தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. நாடே அவ்வூரைத் திரும்பிப் பார்த்தது. நாடாளுமன்றம் வரை அது பேசப்பட்டது. ஆனால் அந்த மக்களைத் தூண்டிய மன வேதனையை எந்தக் கட்டத்தில் எழுதுவது? சமயம் என்ன என்று ஏடு கேட்கும். ஏன் என்று அது கேட்பதில்லை.

மூன்றாவது, வினா. இதுவே நம்மை நேராகத் தொடுவது. கத்தோலிக்கர், தென்னிந்தியத் திருச்சபையார், பெந்தகொஸ்தே சபையார் அனைவரும் அரசின் அட்டவணையில் 'கிறிஸ்தவர்' என்னும் ஒரே கட்டத்தில் அடங்குகின்றனர். பட்டியல் சாதியினருக்குரிய அட்டவணையிலோ கிறிஸ்தவருக்குக் கட்டமே இல்லை. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை அத்தகுதியைப் பெரும்பாலும் இந்துக்களுக்கே உரியதாக்கியது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் அது விரிந்தது. நம்மவருக்கு இன்னும் விரியவில்லை. ஞாயிறு திருப்பலியில் நம்மருகே முழந்தாளிடும் தலித் சகோதரர் சிலர், பிள்ளையின் கல்விக்காகவும் வேலைக்காகவும் தாளில் வேறு சமயத்தைக் குறிக்க நேர்வதன் காரணம் இதுவே. அவர்களைக் குறை கூறும் முன், விசுவாசத்துக்கு அவர்கள் மட்டும் ஏன் இந்த விலை கொடுக்க வேண்டும் என்று நாம் கேட்டோமா? நம் கல்லறைத் தோட்டங்களில் எழுப்பிய சுவர்களை நாம் மறந்துவிட்டோமா?

எண்ணுவது திருச்சபைக்கும் புதிதன்று. திரிதெந்து சங்கம் 1563-இல் மணமக்கள், சாட்சிகள் பெயர்களை ஏட்டில் எழுதுமாறு பங்குக் குருக்களைப் பணித்தது. 1614-இல் வெளிவந்த உரோமைச் சடங்கு நூல் திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், திருமணம், இறப்பு ஆகிய பதிவேடுகளோடு, 'ஆன்மாக்களின் நிலை' என்ற குடும்ப ஏட்டுக்கும் வடிவம் வகுத்தது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், எண் 535, பழைய ஏடுகளைக் கருத்தாகப் பேண வேண்டும் என்கிறது. அரசின் ஏட்டில் நாம் ஓர் எண். பங்கின் ஏட்டிலோ நமக்குப் பெயர் உண்டு, பெற்றோர் உண்டு, ஞானப் பெற்றோர் உண்டு. கரையானும் மலையடிவார ஈரமும் அவற்றைத் தின்ன விடுவது நம் முன்னோரை இரண்டாம் முறை புதைப்பதாகும்.

2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாகக் கொண்டு அடுத்த குடிமதிப்பை அரசு 2025 ஜூனில் அறிவித்தது. தென்காசி மாவட்டம் தன் பெயரிலேயே எண்ணப்படும் முதல் கணக்கு அதுவாக இருக்கும். சில ஆண்டுகளில் அந்த எண்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அன்று நம் எண்ணிக்கை கூடிற்றா, குறைந்ததா என்று மட்டும் பார்த்து மகிழவோ வருந்தவோ வேண்டாம். அந்த எண்ணுக்குள் வர இயலாமல் வெளியே நிற்பவர் யார் என்றும் பார்ப்போம். அகுஸ்துவின் கணக்கெடுப்புக்காகப் பெத்லகேம் சென்ற குடும்பத்துக்கும் விடுதியில் இடம் கிடைக்கவில்லை. நல்ல ஆயனோ தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார். அப்பெயர்களை அறிந்துகொள்ள நாம் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாலே போதும்.